திருக்குளத் தொண்டும் உயிரோம்பலும்

(குடமுழுக்கு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)



குடமுழுக்கு என்பது நீரினால் நிகழும் விழா. வேள்விச் சாலையும் வேதபாராயணமும் திருமுறை முற்றோதலும் எல்லாம் நிறைந்த பின்னர், விமானத்தின் உச்சியிற் குடத்து நீர் சொரியப்பெறும் அந்தச் சிறுபொழுதுக்காகவே ஊரார் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர். அந்நீர் எத்தகையதாய் இருத்தல் வேண்டுமென்பதில் எவரும் பொருட்செலவு பார்ப்பதில்லை. காவிரிக்கு ஆள் போகின்றது. பவானிக் கூடுதுறைக்கு ஆள் போகின்றது. வசதியுடையார் கங்கை நீரும் வரவழைக்கின்றனர். ஆயினும், திருப்பூர்ப் பகுதியின் நடுவே ஓடும் நொய்யலில் இறங்கி ஒரு குடம் நீர் முகந்து வேள்விச் சாலையில் வைக்க இந்நாளில் எவர்க்கும் மனம் துணிவதில்லை. இவ்வொன்றை எண்ணிப்பார்த்தற்கே இச்சொற்பொழிவு.

நொய்யல் சிறுமையுடைய ஆறன்று. வெள்ளியங்கிரி மலைச்சாரலிலே தோன்றிப் பேரூரை அணைந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நடந்து, நொய்யல் என்னும் பெயருடைய ஊரின் அருகே காவிரியிற் கலப்பது. கச்சியப்ப முனிவர் அருளிய பேரூர்ப் புராணம் இதனைக் காஞ்சிமாநதி எனப் போற்றும். காஞ்சி என்பது நீர்க்கரையில் வளரும் ஒரு மரத்தின் பெயருமாம். ஆற்றுக்கு மரத்தின் பெயர் வாய்த்ததோ, மரத்தால் ஆறு பெயர் பெற்றதோ, புலவர்கள் ஆய்ந்துகொள்க. அக்கரையில் இன்று காஞ்சி மரத்தை அடையாளங் காட்டவல்லார் எத்துணைப் பேர் என்பதே ஈண்டு வினா.

இவ்வாற்றின் நீர் கெட்ட வரலாறு திருப்பூரார் அனைவரும் அறிந்ததே. எனினும், கெடுத்தது இன்னதெனப் பலர் நுட்பமாக அறியார். சாயத்தின் நிறமே கேடென்று எண்ணுவர். நிறம் கண்ணுக்குத் தெரிவது. அதனினும் பெருங்கேடு செய்தது கண்ணுக்குத் தெரியாத உப்பு. பருத்தி நூலிலே சாயம் பற்றவேண்டின் சாயத் தொட்டியில் உப்பு மிகுதியாக இடுதல் வேண்டும். கருமை, கருநீலம், கருஞ்சிவப்பு முதலிய அடர்ந்த நிறங்களுக்கு அஃது இன்னும் மிகுதி. நிறத்தை நீக்கித் தெளிவித்த நீரிலும் அவ்வுப்பு அப்படியே நின்றது. அது வயலிற் பாய்ந்து மண்ணைக் கெடுத்தது. கிணற்றில் ஊறித் தென்னையை வாட்டியது. 1992ஆம் ஆண்டில் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே அணை முடிந்தது. நீரைத் தேக்கி நிலத்துக்கு வழங்கவே அது கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அதில் நின்றது சாயக்கழிவாயிற்று. அணையில் நீர் தேக்குக என வேண்டுவதே உழவர் இயல்பு. தேக்கற்க என உழவரே முறையிட்ட அணை அது.

முறையிட்டவர் யாவர்? அரசரல்லர், பெருஞ்செல்வருமல்லர். ஆற்றின் கீழ்மடை உழவர்கள் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் எனக் கூடி நீதிமன்றம் ஏறினர். சென்னை உயர்நீதிமன்றம் 2006ஆம் ஆண்டில் ஆணையிட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 2009ஆம் ஆண்டில் அங்கும் தீர்ப்பாயிற்று. கழிவுநீரை ஆற்றில் விடாது முற்றும் சுத்திகரித்து மீளப் பயன்படுத்துக என்ற நெறி நிறைவேறாமையால், 2011ஆம் ஆண்டு சனவரித் திங்களில் உயர்நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடச் செய்தது. 700க்கு மேற்பட்ட பட்டறைகள் ஒருசேர நின்றன. அந்நாள்களில் பனியன் தொழிலாளர் குடும்பங்கள் பட்ட துன்பத்தையும் மறைத்தலாகாது. வேலையின்றி மூட்டை கட்டிச் சொந்த ஊருக்குத் திரும்பினோர் பலர். உழவன் கண்ணீரும் தொழிலாளி கண்ணீரும் ஒரே ஆற்றில் விழுந்த காலம் அது. பின்னர்ச் சவ்வூடு பரவல் முறையும் ஆவியாக்கும் கலன்களும் அமைத்து, நீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மீண்டும் பயன்கொள்ளும் முறையொடு பட்டறைகள் திறந்தன. இன்று ஆற்றுக்கு எஞ்சிநிற்கும் பகையில், வீடுகளிலிருந்து வரும் சாக்கடையும் குப்பையும் பெரும்பங்கு. அப்பகைக்கு வழக்குத் தொடுத்தல் அரிது. ஏனெனின், எதிர்வாதி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றார்.

ஆற்றைப் பற்றி இவ்வளவு கூறியது குளத்தைப் பற்றிக் கூறுதற்கே.

திருப்பூர் நகரின் வடகிழக்கே, சர்க்கார் பெரியபாளையத்தையொட்டி நஞ்சராயன் குளம் இருக்கின்றது. பன்னூற்றாண்டுகளுக்கு முன் நஞ்சராயன் என்னும் மன்னன் இதனைச் செப்பனிட்டமையால் இப்பெயர் எய்தியது என்பர். 125 எக்டேர் பரப்புடையது; நல்லாற்று நீர் இதில் வந்து சேரும். ஊரின் கழிவும் உடன் வந்து சேர்ந்தது. பாழ்பட்டதென ஊரார் கைவிட்ட குளத்தைப் பறவைகள் கைவிடவில்லை. அதனைக் கண்டு சொன்னவர் யாரெனின், வாரம் ஆறு நாளும் தத்தம் தொழில் புரிந்து ஞாயிற்றுக்கிழமை வைகறையில் இருகண் நோக்கியும் குறிப்பேடுமாகக் கரையில் நின்ற எளிய அன்பர்கள். திருப்பூர் இயற்கைக் கழகத்தார் இவ்வகையில் நெடுநாள் தொண்டு புரிந்துள்ளனர். இன்ன நாளில் இன்ன பறவை இத்துணை என்று அவர்கள் எழுதிவைத்த கணக்கு வீண்போகவில்லை. 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு இக்குளத்தை மாநிலத்தின் 17ஆவது பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. 2024ஆம் ஆண்டில் உலக நாடுகள் ஒப்பிய ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இது சேர்ந்தது. 191 வகைப் பறவைகளும் 87 வகை வண்ணத்துப்பூச்சிகளும் ஈங்கு எண்ணப்பட்டுள்ளன. பனிக்காலத்தில், இமயத்தின் முடிகளைக் கடந்து நடு ஆசியப் புலங்களிலிருந்து பட்டைத்தலை வாத்துகள் வந்து இறங்குகின்றன. கயிலைக்கு யாத்திரை போதல் அரிதினும் அரிது என ஏங்கும் அன்பர், கயிலையின் திசையினின்றும் வந்த விருந்தினரைப் பேருந்திற் சென்று கண்டுவரலாம்.

இனித் தொண்டின் இலக்கணத்தை ஆராய்வாம். குளத்தொண்டுக்கு வழிகாட்டியருளியவர் தண்டியடிகள் நாயனார். திருவாரூரிற் பிறந்து, புறக்கண் இன்றி அகக்கண்ணே பெற்றிருந்த அப்பெருந்தகையார், திருக்கோயிலின் மேலைத் திருக்குளம் இடங்குறைந்து தூர்ந்திருத்தலை உணர்ந்தார். குளத்தின் நடுவே ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டற்கும் இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிச் சென்று மண் கல்லி, மீளத் தடவி வந்து கரையிற் கொட்டினார். நாள்தோறும் இதுவே பணி. ஆளில்லை, பொருளில்லை, பார்வையும் இல்லை. எளியேம் யாது செய்வேம் என்பார்க்கு இதனின் மேம்பட்ட விடை வேறு வேண்டா.

இவ்வரலாற்றிலே ஒரு நுட்பம் உண்டு. சொற்பொழிவாளர் பெரும்பாலும் அதனை விரைந்து கடந்துவிடுவர். அடிகள் மண் கல்லியபொழுது அயற்சமயத்தார் வந்து, மண்ணைக் கல்லின் அதிலுள்ள சிற்றுயிர்கள் மாயுமே, இது தகாது எனத் தடுத்தனர் எனச் சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். அவர்கள் அதனைக் கூறியது அழுக்காற்றினால் என்பது புராணத்தின் முடிபு. அடிகள் கண்பெற்ற அற்புதமே அதற்குச் சான்று. அஃது அவ்வாறாகுக. எனினும், கூறியவர் உள்ளம் எத்தகையதாயினும் கூறிய சொல்லில் உள்ள பொருளை இக்காலத்துச் சைவர் தள்ளிவிடுதல் முறையன்று. அடிகள் கல்லியது கையால், கூடை கூடையாக, ஒருநாளைக்குச் சிறிதே. நண்டும் நத்தையும் தவளையும் விலகி அயலிடத்துக்குப் போக நாள்கள் இருந்தன. இன்று பொக்லைன் இயந்திரம் இறங்கினால், ஒரு தலைமுறையில் அடிகள் கல்லும் மண்ணைச் சின்னாளில் வாரிவிடுகின்றது. கரையோரமும் நடுவும் ஒரே ஆழமாய், கிண்ணம் போலன்றித் தொட்டி போலக் குளம் ஆகிவிடுகின்றது.

அதனால் வருவது யாது? பறவையெல்லாம் ஒரே நீரில் வாழ்வன அல்ல. நீர்க்காகமும் முக்குளிப்பானும் மூழ்கி மீன்பிடிக்க ஆழம் வேண்டும். நெடுங்கால் உள்ளான் முழங்காலளவு நீரில் நடந்து இரை கொத்தும். சிற்றுள்ளான்களுக்குக் கணுக்காலும் நனையாத சேறே உணவுச்சாலை. நத்தைகுத்தி நாரை நத்தை உள்ள இடத்தன்றி நில்லாது. தாழைக்கோழிக்குக் கோரைப்புதர் இல்லையேல் கூடில்லை. ஆழமும் ஆழமின்மையும் சேறும் புதரும் ஆகிய எல்லாம் ஒருங்கே அமைந்த குளத்திலேதான் எல்லா உயிரும் தங்கும். ஆதலின், ஊர்க்குளம் தூர்வாரும்பொழுது, நன்னோக்குடைய அன்பர்கள் ஒன்று வேண்டலாம்: நடுவை ஆழமாக்குக, கரையோரச் சரிவை அப்படியே விடுக, ஒருபாற் கோரை நிற்கட்டும், கூடுகட்டும் காலம் கழிந்தபின் இயந்திரத்தை இறக்குக. இதற்குச் செலவு கூடுவதில்லை. ஒப்பந்தக்காரரிடம் சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவே. சீமைக்கருவேலை வெட்டுங்காலும் இவ்வாறே. அது வேற்றுநாட்டு மரம், நீக்கத்தக்கது என்பது மெய். குளத்தின் நடுத்திட்டில் நின்ற அம்மரத்திலே கொக்கும் நீர்க்காகமும் கூடு வைத்திருப்பின், ஒரே நாளில் வேரோடு பெயர்த்தல் அறமாகாது. அவ்விடத்து நாட்டுக் கருவேலோ நீர்மருதோ நட்டு அது வளரவளர இதனைக் குறைத்தல் தகும்.

திருக்கோயிற் குளத்துக்கும் ஒரு சொல். அடித்தளம் முழுதும் சிமெண்டுக் கலவை பூசிவிட்டால் நீர் தங்குமென்று சிலவூர்த் திருப்பணியாளர் எண்ணுகின்றனர். தங்கும், ஊறாது. ஊறாத குளம் பெருந்தொட்டி. புண்ணியங் கருதி மீன் விடுவோர், கடையிற் கிடைத்த ஆப்பிரிக்கக் கெளிற்றை விடாதிருத்தல் வேண்டும். வளர்த்தலே தடைசெய்யப்பட்ட மீன் அது. குளத்திலுள்ள நாட்டு மீனையும் தவளையையும் தின்று தீர்க்கும். உயிர்க்கு உணவளித்த புண்ணியம் எவ்வுயிர்க்குச் சென்றதெனப் பார்த்தல் வேண்டுமன்றோ!

குளத்தை விட்டுக் கரையேறிக் காங்கயம் பக்கம் நோக்குவோர்க்கு வேறொரு செல்வம் தெரியும். மழை குறைந்த அந்நிலத்திலே கொங்கு உழவர் கொறங்காடு என ஒரு மேய்ச்சல் நிலத்தைப் பேணிவந்துள்ளனர். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. நடுவே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரம். ஒரு காட்டில் மேய்த்துப் பின் அதனை ஆறவிட்டு மறு காட்டுக்கு மாட்டை மாற்றுவர். கோடையிற் புல் கருகினாலும் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் உணவாகும். காங்கயங் காளையின் திமிலும் நடையும் இந்நிலத்தின் கொடை. வேலிக்குள் கௌதாரி முட்டையிடும், கீரி ஒளியும். அயலூரார் இதனைக் கண்டால் வெறுங்காடு என்பர். மனை பிரிப்போர் தரிசு என்பர். இவ்விருவர் கண்ணுக்கும் தெரியாத ஒன்றை அங்குள்ள மாடு மேய்க்கும் சிறுவன் அறிவான்.

இதனைக் கூறுவதற்கு ஒரு காரணம் உண்டு. மரம் நடுதல் இக்காலத்துப் பேரறமாய் எங்கும் பரவியுள்ளது. 2015ஆம் ஆண்டு திருப்பூரில் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ என்னும் பணி இலக்கக்கணக்கான கன்றுகளை மண்ணில் நிறுத்தியது. நட்டதோடு அமையாது நீர்விட்டு வளர்த்த அன்பர் போற்றத்தக்கார். அவ்வார்வத்தைக் கண்டு தாமும் செய்யப் புகுவோர், புல்லே தெய்வமாய் உள்ள நிலத்தில் மரத்தைத் திணியாதிருத்தல் வேண்டும். கொறங்காட்டைக் கொறங்காடாக விடுதலே அந்நிலத்துக்குச் செய்யும் தொண்டு. எங்கு எது இயல்போ அங்கு அதனை வைப்பதே தலமர வழிபாட்டின் உட்பொருளும் ஆம். அவிநாசிக்குப் பாதிரி; பாதிரியைப் பார்த்தறியாதவர் அவிநாசியிலேயே பலர். ஊருக்கொரு தலமரம் இருக்க, திருக்கோயில் வழங்கும் கன்று அயல்நாட்டு அழகுச் செடியாய் இருப்பானேன்?

அவிநாசி என்றவுடன் முதலை வாய்ப் பிள்ளையின் நினைவு எழும். சுந்தரமூர்த்தி நாயனார் வேண்டியது யாது? முதலை உண்ட மகனைத் தருக என்பது. முதலையைக் கொல்க என்பதன்று. மகன் மீண்டான், முதலையைத் தண்டித்ததாக வரலாறு இல்லை. அவிநாசிக் குளத்தில் முதலை வாழ்ந்ததென்றால் இக்காலத்தார் வியப்பர். வியப்புக்கு இடமில்லை, இதே மாவட்டத்தில் உடுமலைக்குத் தெற்கே, 1957ஆம் ஆண்டில் முடிந்த அமராவதி அணை நீரில் சதுப்புநில முதலைகள் இன்றும் இயல்பாய் வாழ்கின்றன. அணையருகே அவற்றைப் பேணும் பண்ணையும் உண்டு.

இனித் திருக்கோயிலின் உள்ளே செய்யத்தக்கன சில. எம்பெருமானுக்குப் பாலாலயம் அமைத்து எழுந்தருளச் செய்த பின்னரே கோபுரத் திருப்பணி தொடங்குகின்றது. அக்கோபுரத்துப் புரைகளிலே குஞ்சு வைத்திருக்கும் கூகைக்கும் கிளிக்கும் பாலாலயம் அமைப்பார் இலர். சாரம் கட்டுகின்றனர், சுதையை உதிர்க்கின்றனர், புரையைச் சிமெண்டு வைத்து அடைக்கின்றனர். உள்ளே உயிர் இருந்ததா என எட்டிப் பார்ப்பதில்லை. கூகை தீக்குறி என்னும் பழைய அச்சம் வேறு. வயலிலும் கிடங்கிலும் எலியைத் தின்று உழவனுக்கு ஊதியமின்றி இரவுக்காவல் புரியும் பறவை அது. கூடு இல்லாத மாதங்களிற் பணியை அமைத்து, வெளிச்சுவரின் சில புரைகளைத் திறந்தே விட்டால், கோபுர அழகு குன்றாது. ஸ்தபதியிடம் முன்னரே சொல்லிவைத்தாற் போதும்.

நந்தவனத்தில் வில்வ இலையைப் புழு அரிக்கின்றதென்று நஞ்சு தெளிக்கின்றனர். புழு அரித்த இலையும் பூவும் பூசைக்கு ஆகா என்பது விதியே. புட்பவிதி முதலிய நூல்கள் மலரின் குற்றங்களை வகுத்துரைக்கும். ஆனால், மரத்திலுள்ள இலையெல்லாம் பூசைக்கென்றே முளைத்தனவோ? வில்வ இலையைத் தின்னும் புழு சின்னாளில் வண்ணத்துப்பூச்சியாகும். எருக்கிலையைத் தின்பதும் அவ்வாறே. வெந்தய வரியன் என்னும் செம்மஞ்சட் பூச்சி எருக்கில் வளர்வது. நல்ல இலையை அருச்சனைக்குப் பறித்து, அரித்த இலையை அரித்த உயிர்க்கே விடுவதாற் குறையொன்றுமில்லை. நிலம், நீர், தீ, காற்று, விசும்பு, ஞாயிறு, திங்கள் என்பவற்றோடு உயிரையும் எட்டாவதாகக் கூட்டி இறைவன் திருமேனி எனச் சைவம் கூறும். அவ்வெட்டாவதில் புழுவுக்கு இடமில்லையென எந்நூலும் விலக்கவில்லை. உழவாரப் பணிக்கு வரும் திருக்கூட்டத்தாரும் மதில்மேல் முளைத்த அரசை அகற்றுக. திருச்சுற்றின் ஓரத்துத் தும்பையையும் அறுகையும் எருக்கையும் சிறிது மீதம் வைக்க.

விழாக்காலத்துக் குப்பையைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. அன்னதானத்துக்கு வாழையிலையும் தண்ணீர்க்கு எவர்சில்வர் குவளையும் போதும் என்பது எல்லாரும் அறிந்தது. பலர் அறியாதது ஒன்று: தொண்டர் ஒருநாள் அணிதற்கென அடர்ந்த காவியிலும் கருநீலத்திலும் பனியன் அச்சிட்டு வழங்கும் வழக்கம். பனியன் ஊரில் அது மலிவு. மேலே கூறிய உப்புக் கணக்கை நினைத்தால், தொண்டர்க்கு வெள்ளை வேட்டியும் திருநீறும் அடையாளமாதல் சாலும். பனியன் வேஸ்ட்டையும் கழிவு நூலையும் ஓடையிற் கொட்டாது மறுநூற்பு ஆலைக்கு விற்றல், பட்டறைக்கும் வருவாய், ஓடைக்கும் நலம். கொட்டிய நூல் காலிற் சுற்றி நொண்டும் புறாவைத் திருப்பூர்த் தெருக்களிற் காண்பது அரிதன்று.

குடமுழுக்கு நிறைந்தபின் மண்டல பூசை 48 நாள் நிகழும். தைத் திங்களில் நிகழ்ந்த விழாவாதலின் அது பங்குனியை ஒட்டி நிறைவுறும். வடபுலப் பறவைகள் நஞ்சராயன் குளத்தினின்றும் விடைபெறத் தொடங்குவதும் அந்நாள்களிலே. ஊர்ப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லலாம். கதிரவன் எழுமுன் கரையில் நிற்றல் வேண்டும். ஒளிர்நிற ஆடை வேண்டா. உரத்த பேச்சும் பொரி இறைத்தலும் வேண்டா. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் எடுத்துச் செல்க. நாள், பொழுது, கண்ட பறவை, அதன் எண் ஆகிய நான்கும் எழுதினால் போதும். பெயர் தெரியாத பறவைக்கு அலகின் வடிவையும் காலின் நிறத்தையும் குறித்துவைத்தால், கரையில் நிற்கும் இயற்கைக் கழகத்தார் பெயர் சொல்வர்.